டேட்டாவை அழித்தும் கிளவுட் பில் குறையாதது ஏன்?

அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 2025 ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதமாக்கியபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஒவ்வொரு செலவையும் துருவிப் பார்க்க வேண்டியதாயிற்று. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரியான இடத்தில் இயங்கும் ஒரு பனியன் கம்பெனிக்கு கிளவுட் வாடகையும் அதில் ஒன்று. 'பழைய ஆர்டரை எல்லாம் அழிச்சுட்டா பில் குறையும்தானே?' என்றுதான் முதலில் தோன்றும். குறையாது.

வாடகை குடோனில் பாதிச் சரக்கு லோடு ஏறிப் போனாலும் மாச வாடகை அதேதான். டேட்டாபேஸும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் 'டெலீட்' கொடுத்தால் பழைய பதிவுகள் செத்தவையாகும், அவ்வளவுதான். பிறகு ஓடும் 'வேக்யூம்' அந்த இடத்தைப் புதுப் பதிவுகளுக்குத் திறந்துவிடும். ஃபைலின் அளவு பெரும்பாலும் மாறாது.

ஃபைலையே சுருக்க 'வேக்யூம் ஃபுல்' இருக்கிறது. வில்லங்கமும் இங்கேதான். இது டேபிளைப் புதிதாக எழுதும். முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாளில் பேக்கிங் டேபிள் மீது இதை ஓட்டினால் பார்கோடு ஸ்கேன் அப்படியே நிற்கும். பழசும் புதுசும் சற்று நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் காலி இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பி வழியும்போது இதைத் தேடினால் பயனில்லை. 'பிஜி ரீபேக்' நீண்ட நேரம் பூட்டாமல் இதையே செய்யும். ஆனால் அதற்கும் இடம் தேவை.

ஃபைல் சுருங்கினாலும் வாடகைக்கு எடுத்த டிஸ்க் சுருங்காது. அமேசான் ஆர்டிஎஸ்ஸில் டிஸ்க் அளவைக் கூட்டலாம், நேரடியாகக் குறைக்க முடியாது. 'ஆட்டோஸ்கேலிங்' போட்டிருந்தால் தானாக ஏறும், இறங்காது. 2024 நவம்பரில்தான் 'புளூ கிரீன்' முறையில் வழி பிறந்தது: சின்ன டிஸ்க்கில் ஒரு நகல் ஓடவிட்டு, இரண்டும் சமமானதும் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

எதை அழிப்பது என்பது அடுத்த சிக்கல். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம் என்றால் 8 ஆண்டு. ஆகவே இன்வாய்ஸில் கை வைக்கக் கூடாது. சாம்பிள் போட்டோ, பழைய ஸ்கேன் பதிவுகள்தான் இடத்தை அடைக்கும். போட்டோக்களை எஸ்3 போன்ற மலிவான ஸ்டோரேஜுக்கு மாற்றிவிடலாம். ஸ்கேன் டேபிளை மாத வாரியாகப் பிரித்து வைத்தால், காலாவதியான மாதத்தை ஒரே 'டிராப்'பில் தூக்கலாம். அந்த இடம் உடனே ஃபைலிலிருந்தும் விடுபடும், வேக்யூமே தேவையில்லை.