ஈரல் நோயும் ஆறு மணிநேர மருந்தும்

சரீரத்தின் அவயவங்களுள் ஈரலைப் போலத் தன் துன்பத்தை மறைத்து வைத்திருப்பது அரிது. பெரும்பகுதி பழுதடைந்த பின்னரே வயிறு வீங்கியும் கண் மஞ்சளித்தும் அது முறையிடுவதால், கள்ளையோ சாராயத்தையோ ஒருநாளும் தீண்டாத சலரோகக்காரர்கூட, ஈரல் இறுகிய நிலையில் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் பரிதாபத்தை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல அறியும். இராகமையில் 2007ஆம் ஆண்டளவில் நடைபெற்ற ஆய்வில், நடுவயதினருள் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு, இவ்விறுக்கத்திற்கு வித்தாகக்கூடிய கொழுப்பு ஈரலிற் படிந்திருந்தது. உடலுழைப்புக் குறைந்துவிட்ட வடபகுதி மட்டும் இதற்கு விலக்காயிருக்குமென்று நம்ப நியாயமில்லை.

நாமறிந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ஈரலின் உருவத்தைக் காட்டுவது. அணு மருத்துவமோ அது செய்யும் தொழிலைக் காட்டுவது. தெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை நுண்துகள்களோடு சேர்த்து நாளத்தில் ஏற்றினால், ஈரலின் கூப்பர் கலங்கள் அவற்றை விழுங்குவதைக் காமா கமரா படம்பிடிக்கும். ஈரல் தளரத் தளர, அத்துகள்கள் மண்ணீரலையும் என்பு மச்சையையும் நாடிப் போகும். இம்முறை நோய் சற்று முற்றிய பின்னரே தெளிவாகப் பேசுமென்பது மெய். ஆயின், யப்பானில் 1992 முதல் வழங்கிவரும் அல்புமின் சார்ந்த மருந்து, ஈரற்கலங்களின் வாங்கிகளையே சென்று பற்றுவதால், உழைக்கும் கலங்கள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதை அளவிட்டுரைக்கும்.

எனினும் சலரோகக்காரர் அனைவரையும் காமா கமராவின் கீழ்க் கிடத்தவேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. சலரோகக் கிளினிக்கிலேயே இரத்தப் பரிசோதனையாலும் அல்ட்ராசவுண்டினாலும், வசதியுள்ள இடத்து ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பைப்ரோஸ்கானாலும் வடித்தெடுத்த பின், ஐயம் எஞ்சுவோருக்கும் ஈரலின் ஒரு பகுதியை வெட்டியகற்ற வேண்டியோருக்குமே இப்பரிசோதனை உரியது.

அவ்வாறு எஞ்சும் நோயாளி, நெடுங்காலம் நேர்ந்ததைப் போலப் பேராதனைக்கோ கொழும்புக்கோ பிரயாணம் செய்யவேண்டியிருத்தல் தகாது. தெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணிநேரத்திற் பாதியாகிவிடுவதால், அதைத் தூரத்திலிருந்து தருவித்து வைத்திருத்தல் இயலாது. அதனை ஈன்றுதரும் மொலிப்டினமும் 66 மணிநேரத்திற் பாதியாகுமாதலால், அம்மொலிப்டினத்தைத் தாங்கிய ‘ஜெனரேற்றர்’ என்னும் கலம் வாரந்தோறும் தவறாது வந்துசேர்தல் வேண்டும். ஆகவே கமராவொன்றை வாங்கித் திறப்புவிழா நடத்துவதோடு காரியம் முடிவதில்லை. மருந்தைக் கலந்து கொடுப்பவரும், கதிரை அளந்து காப்பவரும், படத்தை வாசிக்கும் நிபுணரும் நிரந்தரமாக யாழ்ப்பாணத்தில் இருத்தல் அவசியம்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதி தெல்லிப்பளையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்ததைக் கண்ட நாம், பொருள் திரட்டுதல் அசாத்தியமென்று சொல்லலாகாது. அதிலும் கடினமானது ஆட்களைப் பயிற்றி நிலைநிறுத்துதல். அப்பொறுப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் சுகாதார அமைச்சும் இணைந்து ஏற்று, ஜெனரேற்றர் வந்திறங்கும் நாளுக்கு இயைய முறைநாள் வகுத்து, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகள் தெரிந்தனுப்பும் நோயாளரை மருந்தின் வீரியம் குன்றுமுன் பரிசோதித்து முடிக்கும் ஒழுங்கை இப்போதே எழுத்தில் வகுத்தல் வேண்டும்.