கடலை ஏற்றும் பொத்தான்

பருவநிலை மாற்றத்தையும் இடப்பெயர்வையும் அருங்காட்சியகத்தில் வைக்க முற்படுவோர் முதலில் நாடுவது ஒரு பொத்தானைத்தான். அழுத்தினால் தொடுதிரையில் கடல் ஏறும், ஊர் மூழ்கும். மீண்டும் அழுத்தினால் ஊர் எழும். மீளாத இழப்பை நொடியில் மீட்டுக்காட்டும் இக்கருவி, தான் சொல்லவந்த பொருளையே பொய்யாக்குகிறது என்பது நம் முதல் குற்றச்சாட்டு.

பொத்தான் வேண்டாம், மெய்நிகர்க் கண்ணாடி போதும் என்பார் உளர். 2017இல் கான் திரைவிழாவில் இடம்பெற்ற இன்யாரிட்டுவின் 'கார்னே இ அரேனா'வில் பார்வையாளர் வெறுங்காலுடன் மணலில் நடந்து, மெக்ஸிகோ எல்லையைக் கடக்கும் ஏதிலியருடன் சேர்கிறார். அதன் கலைவலிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சில நிமிடங்கள் ஏதிலியாய் இருந்தவர், கண்ணாடியைக் கழற்றியதும் தம் வீட்டுக்குத் திரும்புகிறார். திரும்ப வீடில்லாமையன்றோ இங்குப் பேசுபொருள்?

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துச் சதபாயாவைக் கருதுவோம். ஊர்த்தொகுதியாக இருந்த அதைக் கடல் ஒவ்வோர் ஊராக விழுங்கியது. எஞ்சிய 571 குடும்பங்களுக்குப் பாகபாட்டியாவில் மறுகுடியமர்வு வகுக்கப்பட்டது. அங்கிருந்த பஞ்சுபராகி கோயிலில் மீனவப் பெண்களே பூசகர்கள். ஆண்கள் சிலைகளைத் தொடுவதில்லை. 2018 ஏப்ரலில் அக்கற்சிலைகளைப் புதிய ஊருக்குப் பெயர்க்க ஆண்களின் கைகள் தேவைப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் காத்த விலக்கு அன்று தளர்ந்தது. எந்தப் பொத்தான் இதைக் காட்டும்?

கடலேற்றம் ஒன்றையே காரணமாக்குவதும் நேர்மையன்று. மகாநதியின் குறுக்கே 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுத் முதலான அணைகள் வண்டலைத் தடுக்கின்றன. வண்டல் குறைந்த கழிமுகக் கரையைக் கடல் எளிதில் அரிக்கிறது. தொலைதேசத்துப் புகைபோக்கியை மட்டும் சுட்டும் காட்சி, உள்ளூர் முடிவுகளை எடுத்தோரைத் தப்பவிடுகிறது.

அப்படியாயின் ஊடாடும் காட்சியே வேண்டாமா? வேண்டும். பார்வையாளரைப் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நிறுத்தாமல், மறுகுடியமர்வுக் கோப்பின் முன் அமர்த்துக. பாகபாட்டியாவில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது பத்து டெசிமல் மனை, அதாவது ஏறத்தாழ 4,356 சதுர அடி. உழுது வாழ்ந்தவருக்கு அது போதுமா? கணக்கெடுப்புக்குப் பின் மணமான மகன் தனிக்குடும்பமா? பட்டா எவர் பெயரில்? பிழைப்புத் தேடிக் கேரளம் செல்லும் இளைஞரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? பார்வையாளர் ஒப்பமிடட்டும். இட்ட ஒப்பத்தை அழிக்கும் வசதி மட்டும் கூடாது.

இது சிறுவரை ஈர்க்காது என்று சொல்லப்படலாம். சிறுவரின் நியாய உணர்வை நாம் அவ்வளவு தாழ்வாக மதிக்கவில்லை. பங்கீட்டில் ஓரவஞ்சனையை அவர்களே முதலில் கண்டுகொள்வர். கண்ணீருடன் வெளியேறுபவர் வாயிலிலேயே அதைத் துடைத்துக்கொள்வார். தாம் ஒப்பமிட்ட கோப்பின் நினைவுடன் வெளியேறுபவருக்கு அவ்வளவு எளிதில் விடுதலை இல்லை.