மூச்சுக்குப் புள்ளி போடாதேங்கோ

"மனசை விடாதேங்கோ, எல்லாம் சரிவரும்." வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் நாங்கள் எல்லாரும் சொல்லிவிட்டு வாற வசனம் இது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு வாழ்கிறவர்களிடம் இதைச் சொல்வதை நிறுத்துவோம் எண்டு கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான மரபணுக்கள் சேரும்போது இந்த நோய் வருகிறது. கலங்களில் உப்பும் தண்ணியும் போய்வருகிற வழி கெட, சளி பசை மாதிரித் தடிக்கிறது. அதில் கிருமி குடியேறுகிறது. தொற்று வந்து போகப் போக நுரையீரலில் தழும்பு கூடுகிறது.

கிளினிக்கில் ஊதச் சொல்லுவார்கள். முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது எண்டு அளந்து, அதே வயதும் உயரமும் உள்ள சுகதேகியோடு ஒப்பிட்டு வீதமாகச் சொல்லுவார்கள். 80, 62, 45. ஓ/எல் ரிசல்ட் மாதிரித்தான். இறங்கினால் வீட்டில் முதல் கேள்வி: "ஒழுங்கா எக்சசைஸ் செய்யேல்லையோ?"

இங்கேதான் எங்களுக்குக் கோவம் வருகிறது. ஒவ்வொரு நாளும் நெபுலைசரில் உப்புக்கரைசல், சளியை இளக்கும் மருந்து, நெஞ்சைத் தட்டிச் சளி எடுத்தல், சாப்பாட்டோடு நொதியக் குளிசை, தொற்று வந்தால் கிழமைக்கணக்கில் அன்டிபயோட்டிக். இவ்வளவையும் ஒரு நாள் தவறாமல் செய்த ஆளுக்கும் அந்த இலக்கம் இறங்கலாம். கிருமி ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றும் எண்ட பயத்தில், இதே நோயுள்ள இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கதைக்கவும் கூடாது. தன்னை முழுசாக விளங்கக்கூடிய ஆளோடு ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது. இவர்களிடம் போய் "மனசை விடாத" எண்டு சொல்லுவது, இறங்கின மூச்சுக்கும் அவர்களையே பொறுப்பாக்குகிற வேலை.

உண்மையில் பொறுப்பு வேறு இடத்திலும் இருக்கிறது. பழுதான மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். 2019இல் அமெரிக்கா ட்ரைகாஃப்டா எண்ட மருந்தை அனுமதித்தது. ஆய்வில் 24 கிழமையில் அந்த ஊதுற இலக்கம் ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்தது. வந்தபோது அதற்குப் போட்ட விலை வருசத்துக்கு 311,000 டொலர். அதே மருந்தை 6,000 டொலருக்குள் செய்யலாம் எண்டு 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. இந்த வகை மருந்துகளின் ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பணம் போட்டதும், நோயாளிகளின் குடும்பங்கள் உண்டியல் குலுக்கி வளர்த்த ஒரு அமைப்பு. ஆர்ஜென்டினாவில் உள்நாட்டுக் கம்பனி ஒன்று மலிவாகச் செய்தும் காட்டியிருக்கிறது. ஆகவே, பல நாடுகளில் மூச்சை இறுக்கிப் பிடித்திருப்பது காப்புரிமைப் பத்திரம். அதை மனத்தைரியத்தால் கிழிக்க ஏலாது.

"அது வெள்ளைக்காரரின்ட வருத்தம், எங்களுக்கு ஏன்?" எண்டு கேட்பீர்கள். தென்னாசியாவிலும் இந்த நோய் இருக்கிறது. தொய்வு, காசம் எண்டு வருசக்கணக்கில் மருந்து குடித்த பிறகு பிடிபடுகிற பிள்ளைகள் இருக்கினம். கொஞ்சினால் தோல் உப்புக் கரிக்கும். வியர்வைச் சோதனை ஒன்றால் பிடிக்கலாம். எங்களுக்கு வராது எண்டு நினைத்தால் அந்தச் சோதனையை ஆர் கேட்பது? அதோடு, ட்ரைகாஃப்டா எல்லா மரபணுப் பழுதுக்கும் வேலை செய்யாது. அது முக்கியமாகக் குறிவைக்கும் பழுது ஐரோப்பியரில்தான் அதிகம், எங்கட பக்கம் குறைவு. ஆராய்ச்சி ஆரைப் பார்த்து நடந்தது எண்டு இதிலேயே தெரியும்.

நம்பிக்கை வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்லை. அதை மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறம். அடுத்தமுறை "இப்ப எத்தினை வீதம்?" எண்டு கேட்க வாய் வந்தால் அடக்குங்கோ. "கிளினிக்குக்கு நான் கூட வரட்டோ?" எண்டு கேளுங்கோ. புள்ளி போடத்தான் வேணுமெண்டால், அந்த விலையை எழுதினவைக்குப் போடுவம்.