தீ பதவி பார்ப்பதில்லை

உத்தராகண்ட் மாநிலம் அல்மோரா மாவட்டத்தில் உள்ளது பின்சர் வன உயிரினச் சரணாலயம். 2024 ஜூன் 13 அன்று அங்கே காட்டுத் தீயை அணைக்கப் போன எட்டுப் பேரைத் தீ சூழ்ந்துகொண்டது. நால்வர் அங்கேயே மாண்டனர். மற்ற நால்வர் பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்டனர்.

மாண்ட நால்வரில் ஒருவர் வனத்துறையின் ஊழியர். இன்னொருவர் தினக்கூலி. மூன்றாமவர் தீக் காவலர். நான்காமவர் பிராந்திய ரட்சக் தளத்தைச் சேர்ந்தவர். ஐக்கிய மாகாணத்தில் 1948-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தொண்டர் படை அது. சீருடை உண்டு, 'ஜவான்' என்ற பெயரும் உண்டு, அரசு ஊழியர் என்ற தகுதி மட்டும் கிடையாது. ஒரே வேலைக்குப் போய் ஒரே தீயில் மாண்ட நால்வரும் சட்டத்தின் பார்வையில் ஒரே ரகம் அல்ல.

மாநில அரசு தலைக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அது கருணைத் தொகை. கருணை என்பது தருபவரின் விருப்பம். ஒரு விபத்துக்குக் கிடைக்கும், பத்திரிகையில் வராத அடுத்த விபத்துக்குக் கிடைக்காது. நஷ்டஈடு அப்படியல்ல. அது உரிமை. தாமதித்தால் வட்டி கேட்கலாம், மறுத்தால் ஆணையரிடம் போகலாம்.

அந்த உரிமையைத் தந்தது பிரிட்டிஷ் காலத்துச் சட்டம்: 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளியின் தவறு இருந்ததா என்று பாராமல் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். காட்டுத் தீயைக் கட்டுப்படுத்தவும் அணைக்கவும் அமர்த்தப்பட்டவர்களை அதன் இரண்டாம் அட்டவணை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. தற்காலிக வேலைக்காரர்களைத் தள்ளிவைத்த வாசகமும் 2000-ல் நீக்கப்பட்டது. ஆகவே பின்சரின் தினக்கூலிக்கும் தீக் காவலருக்கும் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட வழி உண்டு. தொண்டர் படைக்காரருக்குத்தான் சிக்கல். 'அமர்த்தப்பட்டவர்' என்ற ஒற்றைச் சொல் அவரை வாசலில் நிறுத்திவிடும்.

உள்ளே இருப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் பணத்தில் எவ்வளவு வித்தியாசம்? விபத்து நடந்தபோது அமலில் இருந்த விதிப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98. அந்த வயதில் 15,000 ரூபாய் வாங்கியவர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் சேர வேண்டும். முதல்வரின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தைக்கூட அது சேர்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் நுழைவதற்கு 'ஊழியர்' என்ற அதே பழைய வாசல்தான்.

இன்னும் வேடிக்கை மலைக் கிராமத்தாரின் நிலை. காட்டில் விறகெடுக்க, மாடு மேய்க்க உரிமை பெற்றவர்கள் தீயைக் கண்டால் தகவல் தர வேண்டும், அணைக்கவும் முனைய வேண்டும் என்கிறது 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 79-ம் பிரிவு. தவறினால் ஒரு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். அணைக்கப் போய்க் கை வெந்தால் என்ன என்பதை அந்தப் பிரிவு பேசவில்லை. கடமைக்குச் சட்டம், காயத்துக்குக் கருணை.

சட்டமன்றங்கள் இதை அறவே யோசிக்காமல் இருந்ததில்லை. சீனப் போர் நடந்த 1962-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் காயங்கள் (நெருக்கடிநிலை ஏற்பாடுகள்) சட்டம், சிவில் பாதுகாப்புத் தொண்டர் கடமையின்போது அடையும் காயத்துக்கென்றே ஒரு விளக்கம் தந்தது. தொண்டருக்கும் காயம் படும் என்பதை டில்லி அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அது போர்க்கால நெருக்கடிநிலைக்கான சட்டம். சிவில் பாதுகாப்புச் சட்டத்தை 2009-ல் திருத்தி, பேரிடர் வேலையையும் தொண்டர்கள் தலையில் வைத்தார்கள். வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் அவர்கள் வர வேண்டும் என்றானபோது, காயத்துக்கான ஏற்பாடும் போர்க்களத்தை விட்டுக் கூடவே வந்திருக்க வேண்டும். 2025 மே மாதம் 244 மாவட்டங்களில் ஒத்திகைக்கு அழைப்பு வந்தபோது, சைரன் எப்படி ஒலிக்கும் என்பதை எல்லோரும் எழுதினார்கள். தூக்குப்படுக்கையைச் சுமப்பவர் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழவில்லை.

அங்கன்வாடியையும் இங்கே நினைக்காமல் முடியாது. 'மதிப்பூதியம்' வாங்கும் இந்தப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றிவிட்டால் உழைப்பு தொண்டாகிவிடாது என்பதுதான் அதன் உட்பொருள். ஆஷா பணியாளர்களுக்குக் கொரோனா காலத்தில் 50 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைத்தது. அது அந்த நோய்க்காக வந்த திட்டம். பிரசவத்துக்கு ஒரு பெண்ணை அழைத்துப்போகும் வழியில் ஆட்டோ கவிழ்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊழியர் அல்லாதவருக்கு ஊழியருக்குரிய நஷ்டஈடு எப்படித் தர முடியும் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் பதிவுபெற்ற தன்னார்வத் தீயணைப்பாளரை இதற்கென ஊழியராகவே பாவிக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம்முடைய தொழில் பழகுநர் சட்டம், 1961 இருக்கிறது. பழகுநர் தொழிலாளி அல்ல என்று அதன் 18-ம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் பயிற்சியில் காயம் பட்டால் தொழிலாளிக்குப் போலவே நஷ்டஈடு தர வேண்டும் என்று 16-ம் பிரிவு சொல்கிறது. இரண்டு பிரிவுகளும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சட்டத்துக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

சம்பளமே இல்லாதவருக்கு எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது? ஊர்க்காவல் படையினரை நிரந்தரமாக்க மறுத்த உச்ச நீதிமன்றம், 2015 மார்ச்சில் இமாசலப் பிரதேச வழக்கில் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மாதம் முழுதும் பணி செய்தால் போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாகும் அளவுக்கு அவர்களது பணிப்படி இருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. சீருடைத் தொண்டருக்கு அதையே அளவாகக் கொள்ளலாம். தீயணைக்க ஓடிவரும் கிராமத்தாருக்கு மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி போதும். பழகுநர் சட்டத்தின் 16-ம் பிரிவை ஒத்த ஒரு பிரிவைப் புதிய தொகுப்புச் சட்டத்தில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு பிற்பகல் பிடிக்கும்.