பறவைக்கும் ஒரு பந்தி

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

நம் கல்லூரி முகப்பில் பூங்கா ஒன்று அமையப் போகிறது என்று கேள்விப்பட்டு மகிழாத மாணவர் இல்லை. நானும் மகிழ்ந்தேன். ஆனால் நடுவதற்கென்று வந்திறங்கிய செடிகளைக் கண்டபோது அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகள், கம்பளப் புல், பூக்கவிடாமல் கத்தரித்தே நிறுத்தப்படும் வேலிச் செடிகள்! சித்திரையிலும் அதே கோலம், மார்கழியிலும் அதே கோலம். பருவம் மாறுவதை அறிவிக்காத தோட்டம் தோட்டமாகுமா? தேன் தேடும் சிட்டுக்கும் பழம் தேடும் குயிலுக்கும் அங்கே என்ன இருக்கிறது? யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. வேறு வகையாகவும் எண்ணிப் பார்க்கலாமே என்பதுதான் என் விண்ணப்பம்.

என் ஊர் இராயப்பன்பட்டி. மேகமலையின் அடிவாரம்; சண்முகா நதி நீர் பாயும் ஊர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர் திராட்சை தொங்கும் ஊர். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். என் தந்தை பிறர் தோட்டங்களில் கவாத்து வெட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

பள்ளி விடுமுறை நாட்களில் எனக்கு வேலை குருவி விரட்டுவது. தகரத்தைத் தட்டுவேன், கவண்கல் எறிவேன். ஒருநாள் என் கல் குறி தவறாமல் ஒரு கொண்டைக் குருவியின் மேல் விழுந்தது. பெருமையோடு ஓடிப் போய் எடுத்தேன். அதன் அலகில் திராட்சை இல்லை. பச்சைப் புழு ஒன்று இருந்தது. பக்கத்தில் எங்கோ குஞ்சுகள் வாய் திறந்து காத்திருந்திருக்கும். பழம் தின்னும் பறவையும் தானியம் தின்னும் பறவையும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டி வளர்க்கின்றன என்பதைத் தாவரவியல் படிக்க வந்த பிறகே அறிந்தேன். அன்று நான் கொன்றது ஒரு திருடனை மட்டுமன்று. கூலி கேளாத ஒரு தோட்டக்காரனையும்தான்.

இந்தக் கட்டுரையை எழுதப் போவதாக வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். "பழத்தத் திங்கிற குருவிக்குப் பந்தி வைக்கவாடா உன்னப் படிக்க அனுப்புனேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குலை பழுக்கும் வேளையில் பறவை கொத்தினால் நட்டம் முதலாளியோடு நிற்பதில்லை. கூலிக்காரன் வீட்டு உலை வரைக்கும் வரும். பறவை நேசம் பேசுவோர் இதை மறந்து பேசக்கூடாது. பழுக்கும் பந்தலுக்கு வலை வேண்டும். அதுவும் பறவை சிக்கிச் சாகாதபடி இழுத்துக் கட்டிய சிறுகண் வலையாக வேண்டும். ஆனால் பந்தலைத் தவிர வேறு எங்கும் இரை இல்லாமல் செய்துவிட்டு, பறவை பந்தலுக்கு வருகிறதே என்று நொந்துகொள்வது முறையா? வேலியோர மரங்களையெல்லாம் வெட்டியவர்கள் நாமல்லவா?

இந்த இடத்தில்தான் நம் பூங்கா ஒரு பாடம் சொல்ல முடியும். பருவத்துக்கு ஒரு மரம் என்று தேர்ந்தெடுப்போம். மாசியில் முள்முருங்கை இலையுதிர்த்துச் செந்நிறப் பூக்களை ஏந்தும். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலம் கழிக்க வரும் சோளக்குருவிக் கூட்டம் ஊர் திரும்புமுன் அதில் தேன் குடிக்கும். பங்குனியில் புங்கன் தளிர்க்கும். சித்திரையில் சரக்கொன்றை பொன்னாய்ச் சொரியும். ஆனி, ஆடியில் வேப்பம் பழமும் நாவல் பழமும் உதிரும். ஐப்பசியில் செங்காந்தள் வேலியில் சுடர்விடும். அதன் கிழங்கு நஞ்சு என்று ஒரு பலகையும் வைப்போம். செம்பருத்தியும் வெட்சியும் தேன்சிட்டை நாள்தோறும் அழைக்கும். கட்டடத்துக்கு எட்ட, விளையாட்டுத் திடலின் மூலையில் ஓர் ஆலோ அத்தியோ நிற்கட்டும். ஓர் ஆல் பழுத்து ஓயும்போது வேறோர் ஆல் பழுக்கத் தொடங்குவதால், மற்ற மரங்கள் கைவிடும் காலத்திலும் குக்குறுவான்களைக் காப்பவை இம்மரங்களே.

பறவை வந்தால் போதும், எந்தச் செடியானால் என்ன என்றும் எண்ணிவிடக் கூடாது. உண்ணிச் செடியின் கதை நமக்கு எச்சரிக்கை. ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகத் தோட்டங்களுக்கு வந்தது அது. பழத்தைத் தின்ற பறவைகளே விதையைக் காடெங்கும் பரப்பின. இன்று மலைக்காடுகளில் மானும் மாடும் மேயும் புல்லை அது நெருக்கி அழிக்கிறது. நம் தலைக்கு மேலே இருப்பதோ 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம். நாம் இங்கே ஊன்றும் விதை நாளை அங்கே முளைக்கும்.

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்பார் சிலர். அல்ல. வேடந்தாங்கல் உழவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதே மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டு தெருவிளக்கு மின்பெட்டியில் ஒரு சிறு குருவி கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே இருட்டில் இருந்தது. இவர்களில் எத்தனை பேர் தாவரவியல் படித்தார்கள்?

மாணவ நண்பர்களே! நான் வேண்டுவது பெரிதன்று. வகுப்புக்கு ஒரு கன்று. வனத்துறை நாற்றங்காலில் கன்று கிடைக்கும். தண்ணீர் ஊற்றக் கை நம்மிடம் இருக்கிறது. எந்த மாதம் எது பூத்தது, எந்தப் பறவை வந்தது என்று துறைப் பலகையில் எழுதி வைப்போம். நமக்குப் பின் வருவோர்க்கு அதுவே ஒரு பாடநூல் ஆகும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும்.

எழுதி முடித்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பந்தி வைப்பதைப் பற்றி அவர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துப் பேசினார்: "முள்முருங்கைக்குக் கன்னு எதுக்கு? போத்து வெட்டித் தாரேன். ஐப்பசி மழைக்கு முன்ன நடுங்க. ஆடிக் காத்து அடிக்கிற பக்கமா மட்டும் வச்சிராதீங்க, முறிஞ்சு போகும்."

போத்து தயாராக இருக்கிறது. குழி வெட்ட யார் வருகிறீர்கள்?