லூயி பிளாங்கின் தெருவில் தொழிற்கல்விக்கு ஏன் இந்த வெட்கம்?

சனிக்கிழமை மாலை. பரிஸ் நகரின் ரூ லூயி-பிளாங்கில் மரக்கறிக் கடைகளின் முன்னால் கூட்டம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தெரிந்தெடுக்கும் கைகள் ஒரு கணம் நிற்கின்றன. "மகன் இப்ப என்ன படிக்கிறார்?" என்ற கேள்வி எழுகிறது. மருத்துவம் என்றால் விடை உரத்து வரும். பொறியியல் என்றாலும் அப்படியே. பிள்ளை தொழிற்கல்வி லிசேயில் மின்னியலோ, அச்சுக்கலையோ, ஆய்வுகூடத் தொழில்நுட்பமோ கற்பவர் என்றால் குரல் தாழ்ந்துவிடும். "லிசேயில படிக்கிறார்" என்பதோடு பேச்சு அரிசி விலைக்கு மாறிவிடும். பையைச் சுமந்தபடி அருகில் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத வராமல் இருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு வந்ததும் தாயின் குரல் ஏன் தாழ்ந்தது என்பது அவருக்கு நன்றாகவே விளங்கும்.

இந்த வெட்கம் அரங்கேறும் இடத்தின் பெயரைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். லூயி பிளாங் என்பவர் 1839இல் உழைப்பை ஒழுங்கமைப்பது பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். 1848 புரட்சியின்போது இடைக்கால அரசில் அமர்ந்து தொழிலாளரின் வேலை உரிமைக்காக வாதாடியவர். அதே ஆண்டில் நாட்டைவிட்டுத் தப்பி ஓடி, 1870 வரை இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்தவர். அருகிலுள்ள ரூ காய் தெரு, செப்புப் பாத்திர வேலை செய்யும் தொழிலாளியாகத் தொடங்கி, புகையிரத எஞ்சின்கள் உருவாக்கும் பெருந்தொழிலதிபராக உயர்ந்த ழான்-பிரான்சுவா காய் என்பவரின் பெயரைத் தாங்குகிறது. இன்னும் சிறிது தூரத்தில், சணல்நார் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிலிப் து ழிரார் என்பவரின் பெயரில் ஒரு தெரு. தமிழர் நாள்தோறும் நடக்கும் தெருக்களின் பெயர்ப் பலகைகளில் உழைப்பும் கைத்திறனும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பலகைகளின் கீழ் நின்றுகொண்டே கைத்திறன் கற்கும் பிள்ளையைத் தமிழ்ச் சமூகம் மறைக்கிறது. இது முரண் அல்லவா?

அச்சம் எங்கிருந்து வந்தது?

இந்த மனநிலைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை மறுக்க முடியாது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. உழைத்துப் படித்தும் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு தலைமுறை, தன் பிள்ளையாவது அந்த வாசலைக் கடக்கவேண்டும் என்று ஏங்கியது. 1983 யூலைக்குப் பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்து, உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவியும் கட்டடங்களைத் துப்புரவு செய்தும் வாழ்வை நிலைநிறுத்திய தந்தையரும் தாய்மாரும் "எங்கட பிள்ளையளுக்கு இந்த வேலை வேண்டாம்" என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஏக்கம் நியாயமானது என்பதால் அதன் விளைவும் நியாயமாகிவிடாது. தரப்படுத்தல் இழைத்த அநீதி என்ன? மாணவரின் தகுதியையும் விருப்பையும் பாராமல் அவர் எங்கே நிற்கவேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்தது அல்லவா? அதே தீர்மானத்தை இன்று பரிஸில் ஒரு தந்தை தன் மகள்மீது திணிக்கும்போது, அது அன்பின் பெயரால் வருவதால் மட்டும் வேறாகிவிடுமா?

இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். கைத்தொழிலை இழிவாகப் பார்க்கும் பழக்கம் பிரான்சில் பிறந்ததன்று. அது கப்பலிலும் விமானத்திலும் கூடவே வந்த சாதிப் பழக்கம். தச்சரையும் கொல்லரையும் பொற்கொல்லரையும் அவர்களின் பிறப்பால் அளந்த ஒரு சமூகம், அந்தத் தொழில்களையே தீட்டாக எண்ணப் பழகிக்கொண்டது. மேசையில் அமர்ந்து எழுதுபவர் மேலானவர், கருவி பிடிப்பவர் கீழானவர் என்ற அளவுகோல் அங்கிருந்தே வருகிறது. அந்த அளவுகோலை உடைக்காமல் "பிள்ளையின் எதிர்காலம்" பற்றிப் பேசுவது வெறும் பாசாங்கு.

ஒரே தவறின் மறுபக்கம்

தொழிற்கல்வியை வெறுக்கும் பெற்றோர் ஒருபுறம் என்றால், எதுவும் அறியாமலே அதற்குக் கையொப்பமிடும் பெற்றோர் மறுபுறம். கொலேஜின் இறுதி வகுப்பான துருவாசியேமில் ஆண்டு முடிவதற்குள் பிள்ளையின் பாதை தீர்மானிக்கப்படுகிறது. பொது மற்றும் தொழில்நுட்பப் பிரிவா, பக் புரோ எனப்படும் தொழிற்பிரிவா, இரண்டாண்டு சே.ஆ.பே. படிப்பா என்ற கேள்விக்கான படிவம் வீட்டுக்கு வருகிறது. அதை வாசித்து விளக்குபவர் யார்? பதினான்கு வயதுப் பிள்ளை! ஆசிரியர் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளரும் அவரே, குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவரே. ஆசிரியர் சொன்ன கடினமான சொல் தமிழில் மென்மையாகிவிடுகிறது. தந்தையின் கோபம் பிரெஞ்சில் மரியாதையாகிவிடுகிறது. இறுதியில் இருதரப்பும் புரிந்துகொண்டதாக எண்ணி எழுந்து செல்கின்றன.

குடியேறியோரின் பிள்ளைகள் போதிய விளக்கமின்றித் தொழிற்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு பிரான்சில் புதியதன்று. அதற்கு எதிரான கேடயம் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாம் தவணையில் குடும்பம் தன் விருப்பைத் தெரிவிக்கிறது. அதற்கு வகுப்பு மன்றம் கருத்துரைக்கிறது. மூன்றாம் தவணையில் இறுதி விருப்பம் கேட்கப்படுகிறது. அதற்கு மாறாக அதிபர் முடிவெடுக்க நினைத்தால் குடும்பத்தைச் சந்தித்துப் பேசியே ஆகவேண்டும். அதன் பின்னும் உடன்பாடில்லையெனில் மூன்று வேலைநாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். இந்த மூன்று நாட்கள் பற்றி அறிந்த தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர்? விசா, வதிவிட அனுமதி, ஒப்ரா மேன்முறையீடு ஆகியவற்றின் கெடுக்களை மனப்பாடமாக வைத்திருக்கும் சமூகம், பிள்ளையின் கல்வி தொடர்பான கெடுவை அறியாதிருப்பது எப்படி?

ஆகவே விடயம் தொழிற்கல்வி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதன்று. அது பிள்ளை தெரிந்தெடுத்ததா, பிள்ளையின்மீது விழுந்ததா என்பதே.

பாதை முடிவதில்லை

பிரான்சின் லிசே மாணவரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தொழிற்பிரிவில் கற்கின்றனர். பக் புரோ 1985இல் உருவாக்கப்பட்டது. 2009 சீர்திருத்தத்தின் பின் அது மூன்றாண்டுப் படிப்பு. அது முழுமையான பக்கலோரெயாதான். அதன் பின் இரண்டாண்டு பே.தே.எஸ். படிப்பில் சேரலாம், பக் புரோ மாணவருக்கென அங்கே குறைந்தளவு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதிலிருந்து தொழில்சார் லிசென்சுக்கும் செல்லலாம். தொழில்நுட்ப பக் பெற்றவருக்கு, 2021 முதல் மூன்றாண்டுப் படிப்பாக நடைபெறும் பே.யு.தே. இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பக் புரோ முடித்த பிள்ளையை, "பல்கலைக்கழகம்" என்று ஊரில் சொல்லிக்கொள்வதற்காக மட்டும் நேரே பொது லிசென்ஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. அப்படிச் சேருவோரில் மூன்றாண்டில் தேறுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. வேறொரு படிப்புமுறைக்குப் பயிற்றப்பட்ட பிள்ளையை ஆயத்தமின்றி அங்கே விடுவது பெற்றோரின் பெருமைக்குப் பிள்ளை செலுத்தும் விலை.

கலை என்றால் பட்டினி என்பது மற்றொரு கட்டுக்கதை. பரிஸில் 1886இல் தொடங்கப்பட்ட எக்கோல் பூல் தளபாட, உள்ளக அலங்காரக் கலைகளுக்கும், 1889இல் தொடங்கப்பட்ட எக்கோல் எஸ்தியென் நூல் மற்றும் அச்சுக் கலைகளுக்கும், எக்கோல் துய்ப்பெரே ஆடை மற்றும் துணி வடிவமைப்புக்கும் பெயர்பெற்றவை. இவை அரசுக் கல்விக்கூடங்கள். முதலாவதன் பெயர் ஓர் அரச தச்சருடையது. இரண்டாவதன் பெயர் ஓர் அச்சகக் குடும்பத்தினுடையது. இங்கே மூன்றாண்டில் பெறும் கைவினை மற்றும் வடிவமைப்புத் தேசியப் பட்டயம் லிசென்சுக்கு நிகரான தகுதி கொண்டது. இவற்றைப் பற்றிக் கேள்விப்படாமலே, தனியார் கலைக்கூடங்களுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் ஈரோ கடன்பட்டுக் கட்டும் குடும்பங்கள் இருப்பது வேதனை. அறிவியல் நாடும் பிள்ளைக்கு, பதின்மூன்றாம் வட்டாரத்தில், 1991இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பியர்-ழில் து ழென் பெயரிலான அரசு லிசே, வேதியியலிலும் உயிரியலிலும் பே.தே.எஸ். வகுப்புகளை நடத்துகிறது. மருத்துவர் மட்டுமே நோயைக் கண்டறிகிறார் என்று எண்ணுவோர், குருதி மாதிரியைச் சோதித்து முடிவு தருபவர் யார் என்று ஒருமுறை கேட்கட்டும்.

கலையும் அறிவியலும் கைத்தொழிலும் ஒருவரிடத்தில் இணையலாம் என்பதற்கு ஈழத் தமிழர் பிறநாட்டில் சான்று தேடவேண்டியதில்லை. முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி புவியியலாளராகத் தொடங்கினார்; இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தார். பின்னர் கைவினைஞரின் பணியை ஆராய்ந்து 1908இலும் 1909இலும் நூல்கள் எழுதி உலகப் புகழ்பெற்றார். அவர் கருவி பிடித்த கையை இழிவாகக் காணவில்லை.

கடைக்காரருக்கும் ஒரு கேள்வி

துருவாசியேம் மாணவர் யாவரும் ஒரு வாரம் ஏதாவது தொழிலிடத்தில் அவதானப் பயிற்சி பெறவேண்டும். லா சப்பலில் இதற்குத் தீர்வு மிக எளிது. மாமாவின் கடை! பிள்ளை ஐந்து நாள் அரிசி மூட்டை அடுக்குகிறார். முத்திரை குத்திய தாள் கிடைக்கிறது. ஆய்வுகூடத்தையோ, அச்சகத்தையோ, கட்டட வரைஞரின் பணியகத்தையோ காண அரசு கொடுத்த வாய்ப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. பின்னர் "பிள்ளைக்கு என்ன விருப்பம் என்றே தெரியவில்லை" என்ற புலம்பல் தொடங்குகிறது. காட்டாத உலகத்தை எப்படி விரும்புவது?

தொழில் பழகுநர் ஒப்பந்தம் இன்னும் பெரிய வாய்ப்பு. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் 29 வயது வரையானோர் இதில் சேரலாம். 2023 இறுதியில் நாட்டில் பழகுநர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயர்கல்வி மாணவர். படிப்புக்குக் கட்டணமில்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கே முதலாண்டில் அடிப்படைச் சம்பளத்தின் 27 சதவீதம் ஊதியமாகக் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தமிட ஒரு நிறுவனம் வேண்டும். நீண்ட தமிழ்ப் பெயரைக் கண்டதும் பதிலே வராத விண்ணப்பங்கள் பற்றி இளையோர் பேசுகின்றனர். அதே வேளை, இந்தத் தெருக்களில் கணக்காளர், நகைக்கடை, அச்சகம், தையலகம், ஒளிப்படக்கூடம், கணினித் திருத்தகம், உணவகம் என எத்தனை தமிழ் நிறுவனங்கள்! விழா மலருக்கு விளம்பரம் கொடுக்கும் முதலாளி, முறையான ஒப்பந்தத்தில் ஒரு பழகுநரைச் சேர்த்தால் அது அவருக்கு இழப்பா? "கைக்காசுக்கு வந்து நில்லும் தம்பி" என்பது உதவியன்று. அது பிள்ளையின் கல்வியைத் திருடுவது.

துணை நிற்பது என்றால் என்ன?

பிரெஞ்சு தெரியாத தாயால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். அவரால் செய்யக்கூடியது மிக அதிகம். கல்விக்கூடங்களின் திறந்த நாட்களில் பிள்ளையோடு சென்று பட்டறையையும் ஆய்வுகூடத்தையும் கண்ணால் பார்க்கலாம். ஆசிரியர் சந்திப்புக்குப் பிள்ளைக்குப் பதிலாக நம்பிக்கையான ஒரு பெரியவரை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லலாம். வழிகாட்டல் நிலையத்தில் கட்டணமின்றி ஆலோசகரைச் சந்திக்கலாம். பார்க்கூர்சுப்பில் பத்து விருப்பங்களும், பழகுநர் பாதையில் மேலும் பத்தும் பதிவு செய்யலாம் என்பதை அறிந்து, மார்ச் மாதக் கெடுவை நாட்காட்டியில் குறிக்கலாம். பட்டறைக்குப் போகும் மகளை "ஆம்பிளைப் பிள்ளையளின்ர வேலை" என்று தடுக்காமல் இருக்கலாம். முதலாண்டில் விடியற்காலை எழுந்து தொலைவான லிசேக்குப் போகும் பிள்ளை சோர்ந்து வரும்போது, மருத்துவம் படிக்கும் ஒன்றுவிட்ட அண்ணனின் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். பிள்ளை தவறான பாதையில் இருப்பதாக உணர்ந்தால், ஒரு பிரிவிலிருந்து மறுபிரிவுக்கு மாறும் வழிகள் உண்டு என்பதையும் அறிந்து வைக்கலாம்.

எல்லாவற்றிலும் எளியது ஒன்றுண்டு. எல்லாவற்றிலும் கடினமானதும் அதுவே. அடுத்த சனிக்கிழமை ரூ லூயி-பிளாங்கில் அந்தக் கேள்வி மீண்டும் எழும். அப்போது குரலைத் தாழ்த்தாமல், பிள்ளையின் முன்னிலையில், அவர் கற்கும் தொழிலின் பெயரை முழுமையாகச் சொல்ல வேண்டும். அரசின் சலுகையும் ஆசிரியரின் உதவியும் அதன் பின்னரே பயன்தரும். தன் பெற்றோர் தன்னை மறைக்கவில்லை என்று அறிந்த பிள்ளையே தன் தொழிலில் தலைநிமிர்ந்து நிற்கும்.