வரிச்சீட்டு அறிந்த வாசல்

வரி கேட்கும் சீட்டு நம் வாசலைத் தவறவிடுவதில்லை. அந்த வரிப்பணத்தைப் பற்றிப் பேசும் சபைக்கான அழைப்பு மட்டும் கோட்டாற்றுத் தெருக்களில் வழி தெரியாமல் திகைப்பதேன்?

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாயிற்று. 2022இல் தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீட்டிற்கும் 25 விழுக்காடு கூடிற்று. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு குறித்து மக்களே பேசுவதற்கான மன்றம் அது. ஏற்பாட்டை வரவேற்கிறோம். ஆனால், பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதையே மறுக்கிறோம்.

"கூப்பிட்டால் யார் வருகிறார்கள்?" என்பது வழக்கமான மறுமொழி. வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் வரவில்லை என்பது நேர்மையாகுமா? கடை மூடுமுன் கூட்டம் வைத்தால் சந்தை வணிகர் எங்ஙனம் வருவார்? பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் போதுமெனில், வீட்டிலிருக்கும் பெண்கள் எங்ஙனம் அறிவர்? வாடகைக்குக் குடியிருப்போரிடம் வரி ரசீது இல்லை. ஆயினும் அவர்கள் தரும் வாடகைக்குள் வரியும் அடங்கியிருக்கிறது.

உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையில், வரி செலுத்தும் நிலமுடையோர் பெயரே இடம்பெற்றது. நாம் கேட்பது அதனினும் வாய் அகன்ற குடம். வாக்காளர் பட்டியலிலிருந்து ஆணும் பெண்ணும் சரிபாதியாகக் குலுக்கியெடுத்து, வீடு தேடி அழையுங்கள். ஜமாஅத்துகளும் இப்பணிக்குத் துணைநிற்கட்டும்.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் வைத்தவர். அவர் பிறந்த இடலாக்குடி நமக்கு அருகில்தான். நூறு குடும்பங்களின் சொல்லைக் கேட்க நகர மன்றத்திற்குச் செவியில்லையா? வசூலிக்கத் தெரிந்த வாசலை அழைக்கவும் தெரிய வேண்டும்.